முப்பத்தொரு தகடுகளின் முதுகு

“அது வேண்டாம், நாப்பத்தொம்பதக் காட்டுங்க.”

“நாப்பத்தொம்பதுல நீங்க ஒண்ணுமே செய்யல மேடம்.”

“ஒண்ணுமேவா? ஒரு வருஷம் முழுக்கவா?”

“ஒரு வருஷம் நாலு மாசம். சும்மா இருக்கீங்க.”

“ஐயோ, எனக்கு என்ன ஆச்சு? கால கீல ஒடச்சுக்கிட்டேனா?”

“அதெல்லாம் மிஷினுக்குத் தெரியாது. வேலை மட்டும்தான் தெரியும். ஆனா பெரிய வேலை ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி எல்லாருக்கும் இப்படி ஒரு பள்ளம் வருது. இருங்க, ஐம்பத்தி மூணு வயசுக்குப் போறேன். உக்காந்துக்கோங்க.”

மிருதுளா உட்காரவில்லை. கோவை பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி அது. காலை பதினொரு மணிக்கே கறுப்புத் திரை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் நின்றாள். வயது முப்பத்தாறு. பதினாறு வருடங்களாகக் கலைதான் பிழைப்பு. மூடிக் கிடந்த மில் சுவர்களில் கரியால் வரைந்து தொடங்கியவள். பிறகு வீடியோ எடுத்தாள். பிறகு கூரையிலிருந்து நூலைத் தொங்கவிட்டாள். கடைசி எட்டு வருடங்களாக இரும்புத் தகடு. ஒன்றில் பெயர் வந்ததும் அதை உதறிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவளுக்கு அது தாவல் இல்லை, பசி.

இனி அவள் செய்யப்போவதைத்தான் சஃபீக் காட்டிக்கொண்டிருந்தான். மிஷினை இயக்கும் பொறியாளன் அவன். மிஷினுக்கு ‘முன்காட்சி’ என்று பெயர். ஒரு கலைஞர் அதுவரை செய்த எல்லாவற்றையும் அதற்கு ஊட்டினால், தொடர்ந்து உழைத்தால் அவர் இனி என்னென்ன செய்வார் என்று வருடம் வருடமாக வளர்த்துக் காட்டும். மிருதுளாவின் இருநூற்றுப் பதினான்கு வேலைகளை அது ஆறு வாரங்களாக மென்றிருந்தது.

அறையின் நடுவே ஒளி திரண்டது. முதலில் ஒரு விளிம்பு. பிறகு ஆளுயரம். பிறகு ஆளுயரம் போல் ஐந்து மடங்கு. கடைசியில் அறையே போதாமல், மிஷின் அதைச் சுருக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

ஓர் இரும்புச் சுவர். அதன் மேல் சின்னச் சின்ன உலோகத் துளிகள், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, மீன் செதில் போலக் கோடு கோடாக ஓடின. கோடுகள் ஓரிடத்தில் நெருங்கின, ஓரிடத்தில் தயங்கின, இன்னோரிடத்தில் திடீரென்று திசை மாறி ஓடிப்போயின. மேகம் திரளுகிற மாதிரியும் இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கிற மாதிரியும் இருந்தது.

“இது நானா?” என்றாள்.

“நீங்கதான். இன்னும் பதினேழு வருஷத்துல.”

அவள் சிரித்தாள். ஒளிக்குள் நடந்து போனாள். ஒரு தடவை சுற்றி வந்தாள். இன்னொரு தடவை ஓடியே சுற்றினாள். “சஃபீக், இங்க பாருங்க, இந்த வளைவு! இது எப்படி எனக்குத் தோணிச்சு? தோணப் போகுது? ஐயோ, இதை எந்தக் காலத்துல சொல்றது!”

“எல்லாரும் இங்க வந்து அந்தக் காலத்துலதான் மேடம் மாட்டிக்கறாங்க.”

“அடுத்தது, அடுத்தது!”

ஐம்பத்தெட்டில் அதே கோடு துணிக்குள் நுழைந்திருந்தது. கனத்த பருத்தித் துணியில் நூலே துளித் துளியாக முடிச்சிட்டு ஓடியது. அறுபத்திரண்டில் அது ஒரு வீடியோ. அறுபத்தேழில் கண்ணுக்கு எதுவும் இல்லை, வெறும் ஒலிதான். டக், டக்டக், டக். கண்ணை மூடினால் அந்தக் கோடு ஓடுவது தெரிந்தது. எழுபத்து நான்கில் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர், அதன் மேற்பரப்பில் துளிகள் விழுந்து, விழுந்த இடமெல்லாம் கோடு எழுந்து அழிந்தது. மிருதுளாவுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே கை தட்டினாள்.

முன்காட்சி உலகத்துக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அது எல்லாரையும் கை தட்ட வைக்கவில்லை. மெக்சிகோவில் ஓர் ஓவியர் தன் அடுத்த முப்பது வருடங்களைப் பார்த்தார். முப்பதிலும் அதே மாம்பழம், அதே ஜன்னல். மறுநாள் தூரிகைகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு ரொட்டிக் கடை வைத்தார். கடை நன்றாக ஓடுகிறதாம். சியோலில் ஒரு பெண், அறுபதில் செய்ய வேண்டியதை இருபத்தைந்திலேயே செய்து முடித்துவிட்டு, இனி என்ன என்று தெரியாமல் விமான நிலையங்களில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சண்டைகள், வழக்குகள் எல்லாம் ஆன பிறகு ஒரு சட்டம் வந்தது. காட்டப்படுவது என்னிலிருந்து வளர்ந்ததுதான் என்று கலைஞர் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த நேரத்துக்குள் போடாவிட்டால் மிஷின் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். பிரதி கிடையாது.

மிருதுளாவுக்குக் குறித்த நேரம் மறுநாள் மாலை ஐந்து மணி. அதற்கு ஒன்பது நாள் கழித்து சென்னையில் நெய்தல் கலைக்கூடத்தில் கண்காட்சி. இன்னும் செய்யப்படாத வேலைகளுக்கான கண்காட்சி நம் ஊரில் அதுதான் முதல். அழைப்பிதழ் போய்விட்டது. நான்கு கூடங்களையும் அவளுக்கே ஒதுக்கியிருந்தார்கள். பதினாறு வருடத்தில் அவளுக்கு யாரும் ஒரு கூடம்கூட முழுசாகத் தந்ததில்லை.

“இந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“உங்ககிட்ட இருந்துதான். மிஷின் ஒண்ணையும் புதுசா உண்டாக்காது. விதை உங்க பழைய வேலையிலதான் இருக்கணும்.”

“எந்த வேலைல? எனக்குத் தெரிஞ்சு நான் இப்படி ஒரு கோடு போட்டதே இல்ல.”

“வேர் பிடிச்சுப் பார்க்கலாம். ராத்திரி ஓட விடறேன். காலைல வாங்க.”

*

காலையில் அவள் வருவதற்குள் சஃபீக் இரண்டு காபி குடித்திருந்தான். வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

“மேடம், நீங்க பெரிய ஆளு! முப்பத்தொரு இரும்புத் தகடுங்க இருக்கில்ல, வேர் முழுக்க அதுலதான். அதுவும் எங்கன்னு நினைக்கறீங்க? பின்பக்கத்துல!”

“பின்பக்கமா?”

“உங்க குடோனுக்கு எங்க பசங்க ஸ்கேன் எடுக்க வந்தாங்கல்ல. தகடெல்லாம் செவுத்துல மாட்டாம சும்மா சாச்சு வெச்சிருந்துச்சு. நாலு பக்கமும் எடுத்துட்டு வந்துட்டாங்க. எது முன்னாடி, எது பின்னாடின்னு மிஷினுக்கு யாரும் சொல்லல. அது ரெண்டையும் படிச்சிருக்கு. படிச்சுட்டு, பின்பக்கம்தான் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிருச்சு! உங்க உள்மனசு முதுகுப் பக்கமாத்தான் மேடம் வேலை பார்த்திருக்கு.”

அவன் திரையில் ஒரு தகட்டின் பின்புறத்தைக் காட்டினான். மங்கல் சாம்பல் நிறம். அதில் துளித் துளியாக, சாய்ந்து, தயங்கி, திசை மாறி ஓடும் கோடுகள். சுவரைப் பார்த்து நின்றே எட்டு வருடங்களைக் கழித்த கோடுகள்.

மிருதுளா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் தகடுகளின் பின்பக்கத்தை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவள் காகிதத்தில் வரைந்து கொடுப்பாள். ஊரின் இன்னொரு பக்கம், கணபதியில் பட்டறை வைத்திருக்கும் துளசிமணி அக்கா அதைத் தகட்டில் வெல்டு வைத்துத் தருவாள். மிருதுளா முன்பக்கத்தை மட்டும் சரிபார்த்து, தன் பெயரைப் பொறித்து, லாரியில் ஏற்றிவிடுவாள்.

“சஃபீக், பின்பக்கத்த எடுத்துட்டு ஓட்ட முடியுமா? முன்பக்கம் மட்டும்.”

“எதுக்கு மேடம்?”

“ஓட்டுங்க.”

சின்ன வேலைதான், மதியம் இரண்டு மணிக்குள் முடிந்தது. சஃபீக் திரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்க்காமல் பேசினான். “நாப்பத்தி மூணு வரைக்கும் நல்லாத்தான் வருது. பனிக்கட்டில ஒண்ணு பண்றீங்க, அழகா இருக்கு. அப்புறம் நாப்பத்தஞ்சு... நாப்பத்தாறு... அதுக்கப்புறம் வேலை எதுவும் இல்ல.”

“செத்துட்டேனா?”

“சே, இல்ல மேடம். செஞ்சதையே திரும்பச் செஞ்சா மிஷின் அதை வேலைன்னு எடுத்துக்காது.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் வலித்தது. நடந்ததை அவனிடம் சொன்னாள். யார் வெல்டு வைத்தது, எங்கே, எத்தனை வருடமாக.

சஃபீக் பேனாவை உருட்டினான். “சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல மேடம். தகடு உங்க தகடு. பின்பக்கமும் அந்த வேலையோட ஒரு பாகம்தான். கையெழுத்து யாரோடதுன்னு மட்டும்தான் கேப்பாங்க, கோடு யாரோடதுன்னு கேக்க மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான்...” கடிகாரத்தைப் பார்த்தான். “அஞ்சு மணி வரைக்கும் இருக்கு.”

ஒப்புதல் படிவத்தையும் நேற்றுப் பார்த்த ஐந்து வேலைகளையும் அவளுடைய டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தான்.

*

பீளமேட்டிலிருந்து கணபதிக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். முதல் சிக்னலில், பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். இரண்டாவது சிக்னலில், போடவே கூடாது என்று முடிவு செய்தாள். மூன்றாவது சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் நகராமல் நின்றதால் பின்னால் பேருந்துக்காரர் ஹாரனை அமுக்கித் தள்ளினார். அப்போது அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பொறாமைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பொறாமையையும் மீறி உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய கலைஞர் இருக்கிறார். அவர் இந்நேரம் கணபதியில் யார் வீட்டுக்கோ கேட் செய்துகொண்டிருப்பார். அது தெரிந்த ஒரே ஆள், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இந்த சிக்னலில் நிற்கிறாள்!

துளசிமணி கேட்தான் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு வயது. சொந்தப் பட்டறை. வெளியே பலகையில் ‘கேட், கிரில், தொட்டி மூடி’ என்று எழுதியிருக்கும். மிருதுளாவின் வேலைக்குப் பலகையில் இடம் இல்லை. அதை அவள் ‘ஆர்ட்டு’ என்பாள்.

“வாங் அம்மிணி,” என்று முகமூடியைத் தூக்கினாள். “போன் பண்ணிட்டு வந்திருக்கலாமில்லீங்? டீ சொல்லட்டுங்களா?”

“அக்கா, என் தகட்டுக்குப் பின்னாடி என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

துளசிமணியின் முகம் மாறிவிட்டது. “ஏனுங், வெல்டு உட்டுப் போச்சுங்களா? எந்தத் தகடுங்? யாரு மேலயாச்சும் உழுந்துருச்சுங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லக்கா.”

“பொறவென்னங்? பயமுறுத்திப் போட்டீங்.” மூச்சை விட்டாள். “முன்னால வெல்டு வெச்சா சூட்டுக்குத் தகடு இழுத்துக்கும்ங். பொரிச்ச அப்பளமாட்டம் சுருண்டுக்கும். அத நிமுத்தறதுக்குப் பின்னால எதிர் வெல்டு வெக்கோணும். அக்கட்டால இழுத்தா இக்கட்டால நேராயிரும். அம்புட்டுத்தானுங்.”

“அதுக்கு நேரா நாலு கோடு போட்டாப் போதுமே? இது அப்படி இல்லையே.”

துளசிமணி கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள். “மொத ரெண்டு தகட்டுக்கு நேராத்தானுங் போட்டேன். பொறவு... முன்பக்கம் நீங்க வரஞ்சு குடுத்த கோடு. ஒரு நூலு தள்ளிப் போனா போன்ல கத்துவீங். பின்பக்கம் யாருங் கத்தறது? சும்மா கை போற பக்கம் உட்டேன். தகட்ட வெரல்ல தட்டிப் பாத்தா எங்க இழுக்குது, எங்க வலிக்குதுன்னு தெரியும்ங். அங்க போயி ஒண்ணு வெச்சு, கொஞ்சம் நின்னு, இன்னொண்ணு வெச்சு... கோவிச்சுக்காதீங். யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான்.”

மிருதுளா டேப்லெட்டை அவளிடம் நீட்டினாள். ஐம்பத்து மூன்றாம் வயதின் இரும்புச் சுவர்.

துளசிமணி கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திரும்பிப் பிடித்தாள். பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

“யாருங் செஞ்சது?”

“சொல்றேன். எப்படி இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க.”

“நெம்ப நல்லாருக்குதுங். நெம்ப... இதா, இங்க பாத்தீங்களா, இந்த எடத்துல கை நின்னுருக்குது. எதுக்கு நின்னுச்சுன்னா, மேக்கொண்டு போனா தகடு கிழிஞ்சிரும்ங். அதனால திரும்பி இப்படி வந்திருக்குது. அடேங்கப்பா!” குரல் ஏறியது. “இது தப்பு. இல்லீங், இல்லீங், தப்பில்ல, ஆற உட்டுத்தான் வெச்சிருக்குது. கெட்டிக்காரக் கை அம்மிணி இது!”

இருவரும் டேப்லெட்டின் மேல் தலையை முட்டிக்கொண்டார்கள். துணியில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் துளசிமணி, “நூலும் இழுக்கும்ங், இரும்பாட்டமே இழுக்கும், எனக்குத் தோணவே இல்ல பாருங்!” என்று தொடையில் அடித்துக்கொண்டாள். ஒலியைக் கேட்டபோது கசடு தட்டும் சுத்தியலை எடுத்து, பாதியில் நின்றிருந்த கேட்டின் மேல் அதே கணக்கில் தட்டிப் பார்த்தாள். டக், டக்டக், டக். பக்கத்துப் பட்டறையிலிருந்து யாரோ, “என்ன துளசி, மேளம் பழகறியா?” என்று கத்தினார்கள். “ஆமா, உன்ற கல்யாணத்துக்கு!” என்று இவள் திருப்பிக் கத்தினாள்.

தண்ணீரையும் பார்த்து முடித்த பிறகு மிருதுளா சொன்னாள். “இது நீங்கதான்க்கா.”

மிஷினைப் பற்றி, பின்பக்கத்தைப் பற்றி, முன்பக்கம் மட்டும் ஓட்டிப் பார்த்ததைப் பற்றி, நாற்பத்தாறோடு தன் எதிர்காலம் தீர்ந்துபோனதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள். “நான் மட்டும் தனியா கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு பேர் பேரும் போடலாம். சென்னைல நாலு ஹாலு. உங்களுக்கு ரெண்டு. இல்ல, நாலுமே நீங்க எடுத்துக்கோங்க. துளசிமணின்னு ஆளுயர எழுத்துல போடச் சொல்றேன். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிட்டா போதும்.”

துளசிமணி பழைய டிரம் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். “எழுவத்தி நாலு வயசுல நான் தண்ணில வெல்டு வெக்கறனா? கேட்டா எம்மருமவ உருண்டு உருண்டு சிரிப்பா.” பிறகு முந்திக்கொண்டு வந்த கண்ணீரை முழங்கையால் துடைத்தாள். கையெல்லாம் கரி.

“அந்த முப்பத்தொரு தகடு இருக்குதுல்லீங், அதுல எம்பேரப் போடுங். ஏன் போடக்கூடாது? நல்லாப் பெருசாப் போடுங். இத்தன வருஷமாப் போடாததே தப்புத்தானுங்.”

“கண்டிப்பா போடறேன். தப்புதான்க்கா.” மிருதுளாவுக்குக் காது சூடாகிவிட்டது.

“அது நான் செஞ்சது. இது...” டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். “இன்னும் எத்தனைங் இருக்குது இதுல?”

“நூத்தி எண்பது. இதுல அஞ்சுதான் இருக்கு. மிச்சத்தையும் காட்டறேன், வாங்க, இப்பவே பீளமேட்டுக்குப் போலாம்.”

“வேண்டாமுங்.”

“ஏன்?”

“அஞ்சு பாத்துட்டேன். அந்த அஞ்சும் போச்சுங். இனி அப்படி ஒரு கோடு நான் வெச்சாலும், இதப் பாத்து வெச்சதாட்டத்தான் இருக்கும். எனக்கே அப்படித்தான் தோணும்.” தூரத்தில் எங்கோ கிரைண்டர் இழுத்துக்கொண்டே போய் நின்றது. “துணில வெக்கலாமுன்னு நானா ஒரு நாள் கண்டுபிடிச்சிருப்பேன்ல அம்மிணி? சோறு திங்கும்போதோ, பஸ்சுல போவும்போதோ. அப்ப எப்புடி இருந்திருக்கும்! துள்ளிக் குதிச்சிருப்பேன். இப்ப அது இல்லாமப் போச்சு. ஆனா இன்னும் நூத்தி எழுவத்தஞ்சு இருக்குதுன்னு நீங்களே சொல்றீங். அதெல்லாம் எனக்கு இனிமேத்தானுங் வரோணும். ஹால்ல மாட்டி ஊரே பாத்துட்டா பொறவு வராதுங்.”

மிருதுளா எதிரே நின்றாள். இவ்வளவு வெளிச்சமான முகத்தை அவள் இதுவரை யாரிடமும் பார்த்ததில்லை, நேற்று இருட்டறையில் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. மணி மூன்றே முக்கால். நெய்தலில் இந்நேரம் நான்கு கூடங்களின் சுவர்களுக்கும் வெள்ளை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

“கையெழுத்துப் போடலைன்னா அழிச்சுருவாங்கன்னு சொன்னீங்கல்லீங்?”

“ஆமா. எல்லாத்தையும். என்னோடதையும் சேர்த்து.”

“உங்குளுக்கு அந்தச் சென்னை ஹாலு...”

“இருக்காது.”

துளசிமணி கையை மறுபடி பேண்டில் துடைத்தாள். பிறகு எழுந்து, டேப்லெட்டைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள்.

“நான் கேக்கறது நாயமான்னு எனக்கே தெரியலீங். எனக்கோசரம் அந்தக் கையெழுத்தப் போடாம இருந்துக்கறீங்களா, அம்மிணி?”